மறதிக்கு இரண்டு சஜ்தா

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதைத் தாண்டாதவன் எழுதினால் யார் படிப்பார்கள்? ஆனால் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த யாராவது என்னைப் போலவே குழம்பிக் கிடக்கலாம். அவர்களுக்காக எழுதுகிறேன், மறப்பதற்குள்.

தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்தது. எனக்குக் காய்ச்சல். பக்கத்து சீட்டில் நண்பன் யூசுப்.

"நாஷ்டா துன்னியா மச்சான்?" என்று கேட்டேன். தின்றேன் என்றான். மறுபடியும் கேட்டேன். அப்புறமும் கேட்டேன்.

"காலங்காத்தால கலாய்க்காதடா, பேஜாரா கீது," என்றான்.

எல்லோரையும் எப்போதும் கலாய்க்கிறவன் நான். அதனால் பஸ்ஸே சிரித்தது. கவரைப்பேட்டை தாண்டியதும் எனக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் என்செபலைட்டிஸ் (மூளைக்காய்ச்சல்) என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மாவிடம் சொன்னார்:

"கேட்டதையே திரும்பக் கேக்குறாரான்னு பாருங்கம்மா. அது நிக்கிற வரைக்கும் மெஷின் பக்கம் போகக் கூடாது. கை மாட்டிக்கும்."

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுவது என் வேலை. அதை விட்டால் வேறு தொழில் தெரியாது.

வீட்டில் தொழும்போதுதான் மாட்டிக்கொண்டேன். இது மூன்றாவது ரக்அத்தா (தொழுகையின் ஒரு சுற்று), நான்காவதா? என்னைப் பார்க்க வந்த, பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் கேட்டேன்.

"சந்தேகம் வந்தா கொறைஞ்சத எடுத்துக்கோ தம்பி. மீதியத் தொழுதுட்டு, கடைசியில சஜ்தா சஹ்வு செஞ்சிடு," என்றார். மறதிக்குப் பரிகாரமாக நெற்றியைத் தரையில் வைத்துச் செய்யும் இரண்டு சிரவணக்கங்கள் அவை.

"அதச் செஞ்சனா இல்லியான்னே மறந்துட்டா ஹஜ்ரத்?"

"கிண்டலா பண்ற?"

"நெசமாத்தான் கேக்குறேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை. ஹஜ்ரத் என் தலையில் கை வைத்தது நினைவிருக்கிறது. பதில் சொன்னாரா என்பது நினைவில்லை.

இப்போது உடம்பு தேறிவிட்டது. எப்போது மடங்க வேண்டும் என்று முட்டிக்குத் தெரிகிறது. பாயில் எங்கே படிய வேண்டும் என்று நெற்றிக்குத் தெரிகிறது. எத்தனையாவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. நேற்று என்பது மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொள்ளும் வெளியூர்ச் செய்தி மாதிரி ஆகிவிட்டது.

ஆனாலும் கொஞ்ச நாளாக நான் எதையும் திரும்பக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். திங்கட்கிழமை மெஷினுக்குத் திரும்பிவிடலாம். அந்தத் தெம்பில் யூசுப்புக்கு மெசேஜ் போட்டேன்: "மச்சான், மறதிக்குச் செய்ற சஜ்தாவையே மறந்துட்டா இன்னா பண்றது?"

உடனே பதில் வந்தது:

"நேத்தும் இதான் கேட்ட மச்சான்; நாளைக்கும் கேளு, சொல்றேன்."