திங்கட்கிழமைத் திருத்தங்கள்

அக்காவுக்கு எதையும் தோண்டித் துருவாவிட்டால் சோறு இறங்காது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் வலி, எப்போதிலிருந்து என்று கேட்டுக் கேட்டே அந்தக் குணம் முற்றிவிட்டது. வீட்டுக்கு வந்தால் மடிக்கணினிதான். நூலகங்கள் புத்தகம் இரவல் கொடுக்கப் பயன்படுத்தும் ஓர் இலவசச் செயலிக்கு, முகம் தெரியாத பத்துப் பேரோடு சேர்ந்து இரண்டு வருடமாக நிரல் எழுதி வந்தாள்.

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கேட்டிருந்தாள். பட்டம் வேண்டாம், செய்த வேலையை வெள்ளிக்கிழமைக்குள் காட்டுங்கள் என்றார்கள். பெருமையாக அந்தச் செயலியின் தளத்தில் தன் கணக்குப் பக்கத்தைத் திறந்தாள். காலி. நிரலில் செய்து அனுப்பிய இருநூற்றுப் பதினான்கு திருத்தங்களும் தங்கச்சி பெயரில் இருந்தன.

வேறொருத்தியாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அனுப்பும்போது தன் கணக்கில்தான் நுழைந்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு திருத்தத்திலும் எழுதியவர் பெயரைப் போடுவது கணினி. இந்த மடிக்கணினியோ தங்கச்சியின் பழையது. கணினிப் படிப்பைப் பாதியில் விட்டு பேக்கரி வேலைக்குப் போகுமுன் அவள் தன் பெயரையும் மின்னஞ்சலையும் அதில் பதிந்திருந்தாள். ஊரெல்லாம் துருவுகிறவளுக்குத் தன் காலடியைப் பார்க்கத் தோன்றவில்லை.

வழியும் இருந்தது. செயலிக்கு எழுதியவர்களின் பெயர்ப்பட்டியலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: இந்த மின்னஞ்சலில் வந்ததெல்லாம் இன்னாருடையது. எழுதுமுன், பழக்கதோஷம், எல்லாவற்றையும் ஒருமுறை படித்தாள். பதினொன்று அவளுடையவை அல்ல. அவள் முட்டி மோதிக் கைவிட்ட இடங்கள் அவை. குழுவில் யாரோ சரிசெய்தார்கள் என்று நினைத்திருந்தாள். பதினொன்றும் திங்கட்கிழமை மதியம் எழுதியவை. பேக்கரிக்குத் திங்கள் விடுமுறை.

"இது நீ எழுதினதா?"

தங்கச்சி நகத்தில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினாள். "எனக்குத்தான் இதெல்லாம் மண்டையில ஏறாதே."

"திங்கக்கிழமை யாருக்கு லீவு?"

தங்கச்சி சுரண்டுவதை நிறுத்தினாள். "நீ மாட்டிக்கிட்டு முழிக்கிறதப் பாக்க முடியலக்கா. நீ வேலைக்குப் போனப்புறம் இதுலயே எழுதி அனுப்பிட்டேன். படிப்ப விட்டவ மறுபடியும் இதுல கை வெக்கிறான்னு தெரிஞ்சா அப்பா சும்மா இருப்பாரா? மொத்தத்தையும் உன் பேர்லயே போட்டுக்கோ."

இருவர் எழுதியதிலும் பெயரும் ஒன்று, மின்னஞ்சலும் ஒன்று. அந்த ஒரு வரியால் இரண்டு பேரைப் பிரிக்க முடியாது. பழைய பதிவுகளையே மாற்றி எழுதலாம், ஆனால் மற்ற பத்துப் பேரின் பிரதிகளும் குழம்பிப்போகும். மொத்தமாக அள்ளிக்கொள்ள ஆசை இல்லாமல் இல்லை. வேலை அவ்வளவு வேண்டியிருந்தது. அதைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. வருகிறவர் போகிறவர் வாயையெல்லாம் கிளறியவள், ஒரே அறையில் படுக்கிற தங்கச்சியிடம் ஏன் விட்டாய் என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

பட்டியலை அவள் தொடவில்லை. இனி எழுதுவதற்கு, கணினியில் இருவருக்கும் தனித்தனிக் கோப்புறை, தனித்தனிப் பெயர் என்று பதிந்தாள். பிறகு நிறுவனத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, அந்தப் பதினொன்றின் எண்களையும் சேர்த்து அனுப்பினாள். நம்பினால் நம்பட்டும்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அக்கா திரையைத் தங்கச்சி பக்கம் திருப்பினாள். நேரில் வாருங்கள், அந்தப் பதினொன்றை எழுதியவரையும் அழைத்து வாருங்கள், திங்கட்கிழமை முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

தங்கச்சி இரண்டு தரம் படித்தாள். "திங்கக்கிழமை எனக்கு லீவுதான்" என்றாள்.