டாக்குரியா சந்துக்கு மீட்டர் வைத்த கதை

தண்ணீருக்கு மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது, பெண் கேட்டுப் போகிற மாதிரி: உபசாரம் பலமாக இருக்கும், சம்மதம் மட்டும் வராது. வெளியூரில் உத்தியோகம் பார்த்து, தனியாகச் சமைத்து, தனியாகவே பேசிக்கொண்டு அல்லாடியவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவில் ஒரு குடிநீர்ச் சீர்திருத்தத் திட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். மனைவியும் ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகளும் திருச்சியில். டாக்குரியா என்கிற பேட்டையில் ஒரு சந்து முழுக்கச் சம்மதக் கையெழுத்து வாங்கிவிட்டால் ஊருக்கு மாற்றல் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினேன்.

வெறும் தண்ணீர் கூடாது

வங்காளிகள் வீட்டுக்கு வந்தவருக்கு வெறும் தண்ணீர் தரமாட்டார்கள். கூடவே ஒரு இனிப்பு வைத்தாக வேண்டும். சந்தின் முதல் வீடு மித்ரா பௌதியுடையது. பௌதி என்றால் அண்ணி, தாதா என்றால் அண்ணன். அக்கம்பக்கத்தில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வது. சந்தேஷும் தண்ணீரும் வைத்தாள். கசிவு, விரயம், மீட்டர் வந்தால் நாள் முழுக்கத் தண்ணீர் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க இப்ப குடிச்ச தண்ணிக்கு நான் கணக்கு எழுதலையே தாதா. எனக்கு மட்டும் ஏன் எழுதறீங்க?"

மூடிய குழாய்

சந்து முனையில் ஒரு பொதுக் குழாய். திருகு கிடையாது, தண்ணீர் விடுகிற நேரத்தில் அது பாட்டுக்குக் கொட்டும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. நானே பக்கத்தில் நின்று பித்தளைத் திருகு மாட்டவைத்தேன். அதிகாரிக்குப் படம்கூட எடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை போனால், சந்தே காலி வாளியோடு நின்று என்னை முறைக்கிறது. தண்ணீர் வந்து, நின்றும் போயிருந்தது. அது கல்லில் கொட்டுகிற சத்தம் கேட்டுத்தான் அவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். நான் அந்தச் சத்தத்தை அடைத்துவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. மித்ரா பௌதி திருகைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "இது உங்க ஊர்ல இருக்கட்டும் தாதா. எங்களுக்குக் காது போதும்."

பூஜைக்கு முன்னால்

ஆபீஸில் கதை வேறு. ஒரு அதிகாரிக்குத் திட்டம் பிடிபடுவதற்குள் அவரை மாற்றிவிடுவார்கள். புதியவர் வந்து, முதலிலிருந்து சொல்லுங்கள் என்பார். எனக்கு வாக்குக் கொடுத்தவரும் அப்படியே போனார். நல்லவேளை, வந்தவரும் அந்த வாக்கை ஒப்புக்கொண்டார். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அவர் அறைக்கு ஓடப் பார்த்தேன். பக்கத்து மேஜை கோஷ் பாபு, டாக்குரியாக்காரர், என்னைப் பிடித்து உட்காரவைத்தார். "அவருக்கு ரொம்ப விளக்காதீங்க தாதா. துர்கா பூஜைக்குள்ள இவரும் போயிடுவார்."

லேக் மார்க்கெட்

ஞாயிற்றுக்கிழமை, நம்மூர்க்காரர்கள் கூடுகிற லேக் மார்க்கெட்டுக்குப் போவேன். காபிப்பொடி வாங்குவது ஒரு சாக்கு. தமிழ் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். இட்லிக் கடையில் ஒருநாள் ரயில்வேயில் ரிடையரான மாமா ஒருவர் எதிரில் உட்கார்ந்தார். வெற்றிலை, புழுக்கம், பேரன் தமிழ் பேசாதது என்று பேச்சு நீண்டது. வாரம் முழுக்கச் சேர்த்துவைத்ததையெல்லாம் நானும் கொட்டினேன். அப்படி ஒரு சந்தோஷம். என்ன உத்தியோகம் என்று கேட்டார். தண்ணீருக்கு மீட்டர் வைப்பது என்றேன். டம்ளரைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்கு எழுந்துவிட்டார். "இத்தனை நேரம் நன்னாத்தானேய்யா பேசிண்டிருந்தீர்."

கையெழுத்து

அதற்கப்புறம் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். சந்தில் எங்கே கசிந்தாலும் ஆளைக் கூட்டிவந்து, கூடவே நின்று அடைத்துக் கொடுத்தேன். வருஷங்கள் ஓடின. ஒருநாள் தெருக் கிளப்பில் கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள். மீட்டர் வேண்டாமென்று ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்குத் திருச்சி ஸ்டேஷனே கண்ணில் தெரிந்தது. பேனாவை நீட்டினேன். மித்ரா பௌதி அதை வாங்கிக் கீழே வைத்தாள். "கையெழுத்துப் போட்டா நீங்க ஊருக்குப் போயிடுவீங்கன்னு கோஷ் பாபு சொன்னார். அப்புறம் மீட்டர் தகராறு பண்ணினா நாங்க யார்கிட்ட போறது?"

இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சந்து முழுக்கக் கையெழுத்துப் போட்டது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்ச காலம் ஆகும் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்திருந்தால்கூடத் தேவலை. "இருங்க. நாங்க பழகிட்டோம்."

ஆகவே, என் இனத்தவரே, குடிநீர்ச் சீர்திருத்தத்துக்கு என்ன தேவை என்று யாராவது கேட்டால், ஊருக்குப் போகாத ஒரு ஆள் தேவை என்று தயங்காமல் சொல்லுங்கள். அந்த ஆள் நீங்களாக மட்டும் இருந்துவிடாதீர்கள்.