வலிக்காத கால்

தாராவியில் எட்டுக்குப் பத்தடி அறையில் ஒரே ஒரு தையல் மிஷினோடு தொடங்கியவன் நான். இன்று இரண்டு மாடித் தோல் பட்டறை, இருபத்தாறு ஆட்கள், நவி மும்பைக் கோபர்கைரனேயில் லிஃப்ட் வைத்த கட்டிடத்தில் சொந்த வீடு, ஊர்க்காரர்கள் கோயிலுக்கு வெண்கல மணி. எல்லாம் இந்தக் கையால் ஆனவை. படிப்பு நான்காம் வகுப்போடு சரி. பட்டறை இரண்டு முறை மழையில் மூழ்கியது, ஒரு முறை எரிந்தது. மறுநாளே மிஷினைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். தம்பட்டம் அடிக்கிறான் என்பார்கள். தம்பட்டத்துக்கும் தோல் வேண்டுமே, அது என்னிடம்தான் இருக்கிறது.

போன வாரம் மூன்று இளைஞர்கள் பட்டறைக்கு வந்தார்கள். தொழுநோய்க்காரர்களுக்கு நிதி திரட்ட இந்த ஞாயிறு தாராவியிலிருந்து செம்பூர் வரை நடக்கிறார்களாம், நடப்பவர்களுக்குத் தொப்பி வேண்டுமாம். ஐந்நூறு தொப்பி தருகிறேன் என்றேன். “விழா மலர்ல போட உங்களப் பத்தி ரெண்டு வரி எழுதிக் குடுங்க அண்ணாச்சி” என்றார்கள். இரண்டு வரியில் அடங்கும் ஆளா நான்? அதே நோய்க்காக, அதே பாதையில், பத்து வயதில் செருப்பில்லாமல் நடந்தவன். அதைத்தான் எழுதுகிறேன்.

அந்த வயதில் எங்கள் சந்தில் என்னைத் தெரியாதவர் கிடையாது. என் வலது கால் வலிக்காத கால். அதைக் கண்டுபிடித்தவர் மாமா. அம்மாவின் தம்பி, எங்களோடேயே தங்கித் தோல் பதனிடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஸ்டவ்வின் சூடான தட்டை மிதித்துக்கொண்டு நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டு நின்றதை ஒருநாள் பார்த்துவிட்டார். வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். மாமா பெருமைப்பட்டார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் குழாயடியில் கூட்டம் கூட்டுவார். என் குதிகாலில் குண்டூசி ஏற்றுவார், எரியும் ஊதுபத்தியை வைப்பார். நான் பல்லைக் காட்டிச் சிரிப்பேன். “எங்க அக்கா மவன் இரும்புல செஞ்ச பயலாக்கும்” என்பார். முடிந்ததும் வெண்ணெய் தடவிய பன் மஸ்கா வாங்கித் தருவார், காயத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிடுவார். கணுக்காலுக்கு மேலே வெளிறிய ஒரு திட்டு இருந்தது. அம்மா அதைத் தேமல் என்று மஞ்சள் அரைத்துப் பூசினாள்.

அந்த வருடம் மாட்டுங்கா டாக்டர்கள் சிலரும் எங்கள் பக்கத்து வாலிபர் சங்கமும் சேர்ந்து நடைக்கு ஏற்பாடு செய்தார்கள். ஒருவன் எத்தனை மைல் நடக்கிறானோ அதற்கேற்ப நன்கொடை தருவதாக வீடுவீடாக அவன் அட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும். நடந்து முடித்தால் செம்பூர்ப் பந்தலில் அட்டைக்கு முத்திரை. மாமா என்னை முன்னால் நிறுத்தி, “மே மாச வெயில்ல பய செருப்பில்லாம நடப்பான், போடுங்க கையெழுத்த” என்றார். பக்கத்து வீட்டில் இட்லி அவிக்கும் அத்தை மட்டும், “நோவாளிக்கு மருந்து வாங்குதோம்னு நல்லா இருக்க பயல நோவாளி ஆக்கிராதீரும்” என்றாள். சொன்னாலும் அவளும் கையெழுத்துப் போட்டாள்.

நான்தான் பேனரின் வலது கம்பைப் பிடித்தேன். “பயப்படாதே, மருந்து இருக்கு” என்பது கோஷம். என் குரல்தான் உரக்கக் கேட்டது. சயான் தாண்டும்போது தார் இளகியது. ஷூ போட்ட பையன்களே நின்றிருந்த லாரிகளின் நிழல் தேடி ஓடினார்கள். நான் நடு ரோட்டில் ராஜா மாதிரிப் போனேன். மாமா பக்கத்தில் நடந்து, பார்ப்பவர்களிடமெல்லாம் என் காலைக் காட்டிக்கொண்டே வந்தார்.

பந்தலில் சிமெண்டுத் தரை. முத்திரைக்கு வரிசையில் நின்று சர்பத் குடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர்களோடு வந்திருந்த நர்ஸம்மா தரையைப் பார்த்தாள். நான் வந்த வழியெல்லாம் ஒற்றைக் காலின் சிவப்புத் தடம். என்னை உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினாள். சோடா மூடி ஒன்று உள்ளே முழுசாகப் புதைந்திருந்தது.

“ஏண்டா கொழந்தே, இது உனக்கு வலிக்கலையா?”

“எனக்கு வலிக்காது மேடம். வேணும்னா எங்க மாமாட்டக் கேளுங்க.”

அவள் சிரிக்கவில்லை. மூடியை எடுத்துக் கட்டுப் போட்டாள். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். “கண்ணை மூடிக்கோ. நான் தொடறப்போ எல்லாம் சொல்லணும், கேட்டியா?”

இதுவும் ஒரு பந்தயம் என்று நினைத்தேன். முழங்காலில் தொட்டாள், சொன்னேன். கெண்டைக்காலில் தொட்டாள், சொன்னேன். அப்புறம் தொடவே இல்லை. எழுந்து போய்விட்டாளோ என்று கண்ணைத் திறந்தேன். பேனா என் பாதத்தின் மேல்தான் இருந்தது. கணுக்காலிலிருந்து விரல் வரை ஏழு நீலப் புள்ளிகள். ஒன்றையும் நான் சொல்லியிருக்கவில்லை.

“எத்தனை நாளா இப்படி?” என்று மாமாவிடம் கேட்டாள். மாமா குனிந்து அந்தப் புள்ளிகளை எண்ணினார். அவள் அவரைத் தள்ளி அழைத்துப் போய்ப் பேசினாள். “பயப்படாதேங்கோ, மருந்து இருக்கு” என்றது மட்டும் என் காதில் விழுந்தது. வழியெல்லாம் நான் கத்தி வந்ததை இவள் ஏன் திரும்பச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மாமா வந்து என்னை முதுகில் தூக்கிக்கொண்டார். அட்டையில் முத்திரை விழவில்லை. அழுது பார்த்தேன், கேட்கவில்லை. பஸ்ஸிலும் ஏறவில்லை. செம்பூரிலிருந்து தாராவி வரை அந்த வெயிலில் சுமந்தே வந்தார். வழியில் அவர் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. வித்தை இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நினைத்து, அழுகையை விட்டு நானும் சிரித்தேன். போகிறவர்களுக்குக் கையாட்டினேன்.

ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். கல்யாண் ஊர் மாப்பிள்ளை. விஷயம் வெளியே தெரிந்தால் அந்தச் சம்பந்தமும் முறிந்துவிடும், எங்களைச் சந்திலும் இருக்க விடமாட்டார்கள். நர்ஸம்மா அதைப் புரிந்துகொண்டாள். மாதம் ஒரு முறை சீருடை இல்லாமல், சாதாரணப் புடவையில், வீட்டில் முறுக்கு சுட்டு விற்ற எங்கள் அம்மாவிடம் முறுக்கு வாங்க வருகிறவளாக வருவாள். அம்மா கதவைச் சாத்துவாள், நர்ஸம்மா தன் கண் முன்னால் மாத்திரையை விழுங்கவைப்பாள். மற்ற நாட்களுக்கு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். எனக்கு அது சத்து மாத்திரை. அவள் வரும் நாளில் சிறுநீர் சிவப்பாகப் போகும். அதையும் சந்துப் பயல்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாமா ஓடி வந்து, “பய ஒரு கூடை பீட்ரூட்டைத் தின்னுருக்கான்” என்று சமாளித்தார். மாட்டுங்காவில் கிடைக்காத முறுக்கா எங்கள் வீட்டில் இருக்கிறது என்று வெகுநாள் யோசித்தேன்.

நோய் போயிற்று. அக்கா கல்யாணம் நடந்தது. மாமா அதற்குப் பிறகு குழாயடியில் வித்தை காட்டவே இல்லை. இரும்பு என்ற வார்த்தையையும் விட்டுவிட்டார். தினமும் வேலையிலிருந்து வந்ததும் முதல் காரியமாக என் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார். எதற்கு என்று எனக்குப் பதினாறு வயதில் அவரே சொன்னார். சாகும் வரை பார்த்தார். இப்போது நானே கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். பாதத்தில் பாதி இடம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அந்தக் காலால் மிதித்த மிஷின்தான் நான் மேலே சொன்ன அத்தனையையும் கட்டியது.

எழுதியதை மகனுக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. “சோடோனா பப்பா, விட்டுடுங்க, தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்துட்டிருக்கோம், இதெல்லாம் எதுக்கு?” என்றான். எங்கள் அம்மா கதவைச் சாத்தியதற்கும் அதே காரணம்தான். ஒரு கல்யாணத்துக்காகச் சாத்திய கதவு. இன்னொரு கல்யாணத்துக்காக அதை மறுபடி சாத்த மாட்டேன்.

ஆகவே தம்பிகளா, மலரில் ‘தொப்பி உபயம்’ என்று என் பெயரைப் போட வேண்டாம். தொழுநோய் வந்து, மருந்து தின்று குணமானவர் என்று போடுங்கள். போட்டோ பெரிதாக இருக்கட்டும். தாராவியிலிருந்து செம்பூர் வரை முழுத் தூரமும் நடந்தேன். அந்த அட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, ஞாயிறு கொண்டுவருவேன், முத்திரை குத்தித் தர வேண்டும். முறுக்கு வாங்க வந்த நர்ஸம்மாவுக்கு முதல் நன்றி போடுங்கள். செம்பூரிலிருந்து தாராவிக்குத் திரும்பிய தூரம் என் மாமாவுடையது. அது யார் அட்டையிலும் இல்லை. அதையும் எழுதுங்கள்.