மேட்டில் திணறிய வண்டி

என்னைப் பார்த்து "எறங்கு" என்று எவன் சொன்னாலும் எனக்கு ஆகாது. போன வாரம் நான் பெற்ற மகனே சொன்னான். அவனுடைய டீசல் பிக்கப், மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காது கேட்காத மாதிரி கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அப்புறம்தான் இழுக்கிறது. "எம்மா, நீ செத்த எறங்கிக்கோ, வண்டி லேசாவட்டும்" என்றான். நான் இறங்கவில்லை. ஏர் பில்டரைப் பாருடா என்றேன். அதெல்லாம் பார்த்தாச்சு, ஏதோ சென்சார் கோளாறு என்று சிரித்தான். இருக்கட்டும். அவன் வண்டி அவன் பாடு. எனக்கு ஞாபகம் வந்தது வேறு வண்டி.

அப்போது நாங்கள் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஸ்கெலட்டனில், கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் இருந்தோம். அப்பா சுரங்கத்துக்குள்ளே பாறையில் டிரில் போடுகிறவர். என் தாய்மாமனும் கொஞ்ச காலம் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, ஒத்துவராது என்று வெளியே வந்து, பின்பக்கம் திறந்த பழைய டீசல் வண்டி ஒன்றை வாங்கினார். பங்காருபேட்டையில் காய்கறி ஏற்றி ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் இறக்குவார். லீவு நாளில் மூட்டை தூக்க அப்பாவும் போவார். கூடவே நானும். முன்சீட்டில் ஜன்னல் ஓரம் என்னுடையது. எங்கள் லைனில் பெண்பிள்ளையாய்ப் பிறந்து வண்டியில் முன்னால் உட்கார்ந்து போனவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது, விடுவதாக இல்லை.

பிறகுதான் வண்டி திணற ஆரம்பித்தது. சமதரையில் நன்றாக ஓடும். ராபர்ட்சன்பேட்டைக்கு முன்னால் உள்ள மேட்டுக்கு வந்து பெடலை அழுத்தினால், கறுப்பாகப் புகை விட்டுக்கொண்டு, போகவா வேண்டாமா என்று யோசிக்கும். மாமா முதலில் டீசலில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று பங்க்காரனைத் திட்டினார். டீசல் பில்டரை மாற்றினார். பைப்பில் காற்று புகுந்திருக்கும் என்று நட்டைத் தளர்த்தி, நுரை அடங்கும்வரை டீசலை வழியவிட்டார். பம்ப்பைக் கழற்றி மாட்டினார். வண்டி மசியவில்லை.

கழற்ற வேறொன்றும் மிச்சமில்லாமல் போனபோது என்னைக் கழற்றினார்.

பெண் கால் பட்டால், ஆளை ஏற்றி இறக்குகிற கேஜின் கயிறு அறும், பாறை சரியும் என்று சுரங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்த வேலையை விட்டு வந்த மனுஷன் அந்தப் பேச்சை மட்டும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் மாட்டினார்.

"முன்னாடி பொட்டப்புள்ள குந்திக்கினா வண்டி எப்டி ஏறும்? எறங்கு."

"நான் இன்னா பண்ணேன்? இஞ்சின்ல கைய வுட்டனா?"

"வாய் மட்டும் டாப் கியர்ல போவுது பாரு."

அப்பா எனக்காகச் சண்டை போடுவார் என்று பார்த்தேன். அவரோ, "வுடு மச்சான், நானும் புள்ளயும் நடந்து வரோம்" என்று என்னோடு இறங்கிவிட்டார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் மேட்டடியில் நாங்கள் இறங்கினோம். நான் இல்லாமலும் அந்த வண்டி அதே இடத்தில் திணறியது. அதைச் சொன்னால், குந்திக்கினு வந்த தோஷம் போக நாளாகும் என்பார் மாமா. நான் தரையை உதைத்துக்கொண்டே நடப்பேன். பாதி மேட்டில் அப்பா நின்றுவிடுவார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தூரத்தில் சுரங்க வாய்க்கு மேலே கேஜை இழுக்கிற ஷாஃப்ட் சக்கரத்தைக் காட்டுவார். "எந்தப் பக்கம் சுத்துது பாரு. கேஜ் மேல வருதா, கீழ போவுதா?" நான் சொல்வேன். சரியா தப்பா என்று உடனே சொல்ல மாட்டார். இன்னொரு தரம் பார்த்துச் சொல்லு என்பார். என் கோபம் கொஞ்சம் இறங்கும். நடப்போம். இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்பார்.

கடைசியில் பங்காருபேட்டையில் ஒரு தெலுங்குக்கார மெக்கானிக் வண்டியைப் பார்த்தார். ராத்திரி எங்கே நிறுத்துகிறாய் என்றுதான் முதலில் கேட்டார். எங்கள் லைனுக்குப் பின்னால், சயனைடு மண்மேட்டு ஓரத்தில். கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எங்கள் தலைமாட்டில் மலைமலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். காற்றடித்தால் சோற்றிலும் பாயிலும் அந்த மண்தான். மெக்கானிக் ஏர் கிளீனரைக் கழற்றினார். எண்ணெய் இருக்க வேண்டிய கிண்ணத்தில் சாம்பல் நிறத்தில் சேறு, களி மாதிரி கெட்டியாக.

"மூக்க மூடிக்கினு மேடு ஏறுன்னா நீ ஏறுவியா சாமீ?" என்றார் மாமாவிடம்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, பானட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். ஒருத்தரும் திரும்பவில்லை. எல்லார் கண்ணும் அந்தக் கிண்ணத்தில் இருந்தது. என் கண் மாமா மூஞ்சியில் இருந்தது. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். "செரி, ஏறு" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரியே மாமா அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து, இஞ்சின் காற்று இழுக்கிற வாய்க்குத் துணி கட்டினார். தினமும் வண்டியை நிறுத்தியதும் கட்டி, காலையில் உதறுவார். இரும்புக்கு மூச்சு முட்டுகிறது என்று ஊரெல்லாம் ஓடிக் கண்டுபிடித்த ஆம்பிளைகள்! கீழே நாள் முழுக்கப் பாறைத்தூளுக்குள் நின்றுவிட்டு, மேலே வந்து அந்த மண்மேட்டடியில் படுத்த என் அப்பாவுக்கு ஒரு முழத் துணி கட்டத் தோன்றவில்லை. நெஞ்செல்லாம் மண் என்று எங்களுக்குத் தெரிந்தபோது அவரால் வாசல்படி ஏற முடியவில்லை.

ஆனால் அன்று எனக்கு வருத்தம் வேறு. வண்டி சரியாகிவிட்டது, ஜன்னல் ஓரமும் திரும்பக் கிடைத்தது, மேட்டில் சல்லென்று ஏறினோம். நின்று சக்கரம் பார்ப்பது மட்டும் போய்விட்டது. என் கால் வலிக்குமே என்றுதான் அப்பா அங்கங்கே நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.