துடுப்பில் கேட்ட கூட்டம்

துடுப்பைத் தண்ணீருக்குள் நேராக இறக்கி, மேல்நுனியில் தாடையை அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவான் என் தங்கை புருஷன். பங்குனியில் கத்தாழை மீன் கூட்டமாக வந்தால் அடியில் கொர்கொர்ரென்று கத்தும். அந்தச் சத்தம் மரத்தில் ஏறி அவனுக்குக் கேட்கும். அதுவரை எஞ்சினை நிறுத்திவைக்க வேண்டும். எனக்குத்தான் வாய் நிற்காது. "இன்னா மாப்ள, மீனு இன்னா சொல்து? பொண்டாட்டி தொல்லையாமா?" என்பேன். அவன் கண்ணையே திறக்கமாட்டான். காசிமேட்டில் பாதிப் படகுகள் அவன் காதை நம்பித்தான் எங்கள் பின்னால் வரும். கல்மண்டபம் டீக்கடையில்கூட அவனுக்குத் தனி மரியாதை.

போன வருடம் ஒருநாள் எண்ணூருக்கு நேரே கடலில் நாங்கள் இருவர் மட்டும். காலைப் பனி. பங்குனியில் பனி இறங்குவது புதிதில்லை. எனக்குக் கல்யாணமான வருடம்கூட அப்படித்தான், கரை தெரியாமல் சுற்றி, பொண்ணு வீட்டுக்காரர்கள்... அதை விடுங்கள். தாடையை வைத்ததும் அவன் முகம் மலர்ந்தது. வலையை இறக்கினோம். மறுபடி வைத்துக் கேட்டான்.

"கிட்ட வர்து மச்சான்! இம்மாம் பெரிய கூட்டம் நான் கேட்டதே இல்ல!"

அப்போதுதான் ஹாரன் அலறியது. பனிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு சுவர் எழுந்து வந்தது. துறைமுகத்துக்குப் போகிற கப்பல்.

"மாப்ள, கப்பலுடா! வலைய அறு!"

அவன் திரும்பவில்லை. மறுபடி ஹாரன். தலைக்கு மேல் கப்பல் நிற்க, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

நானே கயிற்றை வெட்டி எஞ்சினைக் கிளப்பினேன். கப்பல் விட்ட அலை படகைத் தூக்கியடித்த பிறகுதான் அவன் கண் திறந்தான்.

"அந்த ஹாரனு கேக்கலயாடா உனுக்கு?"

என் வாயையே பார்த்தான். "மோட்டாரு சத்தம் காத தின்னுட்ச்சி மச்சான். மரத்துல வெச்சாதான் எலும்புல இன்னாவோ தெர்து. கரைல சொல்லிடாத. எவனும் என்ன போட்ல ஏத்தமாட்டான்."

கரை ஏறியதும் தங்கையிடம் சொல்லிவிட்டேன். அதோடு அவன் கடலுக்குப் போவது நின்றது. என்னோடு பேசுவதும் நின்றது.

இந்தப் பங்குனியில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் எதிரே வந்தான். "மாப்ள" என்றேன். என் உதடு அசைவதைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.