மாமியின் வளவில் என் மொரிஸ்

எங்கள் கரையோர ஊர்களில் கலியாணம் முடித்தால் பெண் ஆணின் வீட்டுக்குப் போவதில்லை. ஆண்தான் மனைவி வீட்டுக்குக் குடிபோக வேண்டும். கல்முனைக்கு நானும் அப்படித்தான் வந்தேன். கொண்டுவந்தது உடுப்புப் பெட்டி ஒன்று, கணக்குப் புத்தகங்கள் கொஞ்சம், வாப்பா ஓட்டித் திரிந்த பழைய மொரிஸ் மைனர் கார். பெட்டியும் புத்தகமும் வீட்டுக்குள் எங்கோ கரைந்துபோயின. கார் மட்டும் வீட்டைச் சுற்றிய வளவில், மாமரத்துக்குக் கீழே நின்றது. இது என்னுடையது என்று கைவைத்துச் சொல்ல அந்த வளவில் எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

பொத்துவிலில் கணக்குப் படிப்பிக்கிறேன். கிழமை முழுக்க அங்கே தங்கல்; லீவு நாட்களில்தான் வீடு. போக வர பஸ்; காரை லீவில்தான் எடுப்பேன். போன மாரி முடிந்த கையோடு ஒரு மதகைத் தாண்டும்போது காரின் பின்பக்கம் 'டங்' என்றது. வீடு வந்து பார்த்தால் இடது பக்கம் சரிந்து, ஒரு காலை நொண்டுகிற மாட்டைப்போல நின்றது. பின்சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டையைக் காரின் உடலோடு பிடித்திருக்கும் இரும்புக் காதில் ஏதோ கோளாறு என்று விளங்கியது. இன்றைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று இழுத்தடித்தேன்.

அதற்குள் மனைவியின் தங்கைக்குக் கலியாணம் சரிவந்தது. மனைவியின் உம்மா, என் மாமி, என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"மகன், வளவுல பந்தல் போடோணும். இது ஓடினா ஓட்டிக்கிட்டுப் போங்க. ஓடாட்டி இரும்புக்காரனக் கூப்பிட்டுக் குடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. காரைச் சொல்கிறாரா, என்னையே சொல்கிறாரா என்றுகூட ஓடியது மனம். போய் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அவள் சிரித்தாள்.

"உம்மா சொன்னதுல என்ன பிழை? பந்தல்கால கார்ட முதுகுலயா நடுற?"

கோபத்தோடு போய் மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். எங்கள் ஊரில் அவர்களைப் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். மனுசன் வெல்டிங் சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வளவுக்கே வந்துவிட்டார். ஜக் அடித்துக் காரைத் தூக்கி, கட்டை வைத்து, கீழே போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் சத்தம் மட்டும் வெளியே வந்தது.

"சேர், இத ஆரு எண்ண தேச்சுக் குளிப்பாட்டின? விரல் வெக்கேலாம இரிக்கி!"

குனிந்து பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கழிவு ஒயில், தார்போலக் கறுத்துப் படை படையாக. அவர் சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. கடைசியில் இரும்புக் காது தெரிந்தது. ஆணித் துளையிலிருந்து விளிம்பை நோக்கி ஓடிய ஒரு வெடிப்பு.

"ஒயில் மூடிட்டுது. இல்லாட்டி இத முந்தியே கண்டிருக்கலாம்" என்றார் பாஸ்.

நான் ஒருநாளும் அதற்கு ஒயில் பூசியதில்லை. எப்போதோ ஏதோ ஒரு கராஜில் செய்த வேலை என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, "எந்த மடையன் இதப் பூசினானோ!" என்று வளவு கேட்கக் கத்தினேன். மாமி குசினி வாசலில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டு, பாஸ் வெடிப்பின் நுனியில் சின்னத் துளையொன்று போட்டார், அது மேலும் ஓடாமலிருக்க. பிறகு வெல்டிங்கைத் தொடங்கினார். மிச்சமிருந்த ஒயில் பக்கென்று பற்றிக்கொண்டது. பாஸ் உருண்டு வெளியே வந்தார். நான் மரம்போல நின்றேன். பிள்ளைகளுக்குச் சூத்திரம் சொல்லிக்கொடுக்கிற வாய்க்கு 'தண்ணி' என்ற சொல்லே வரவில்லை. மாமிதான் ஓடிவந்து, நனைத்த சாக்கால் நாலு அடி அடித்து நெருப்பை அணைத்தார்.

புகை அடங்கியதும் பாஸ் மறுபடி கீழே போய், வெடிப்பைச் சுற்றியெல்லாம் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். எல்லா இடமும் கணீரென்றது.

"சேர், ஏசாதீங்க. கடல் இவ்வளவு கிட்ட. இந்த வயசுக் காருக்கு இந்நேரம் அடியே இரிந்திரிக்காது. வெடிச்சத ஒட்டுறதுக்கும் பக்கத்துல நல்ல இரும்பு வேணும். அந்த இரும்பு இந்த ஒயிலாலதான் மிஞ்சியிரிக்கி."

மாமி சாக்கைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அந்த மடையன் நான்தான்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாமி ஆறுதலாகத்தான் கதைத்தார். மாரிக்கு முன் வேலிக்கட்டைகளுக்குக் கறையான் பிடிக்காமல் கழிவு ஒயில் பூச ஓர் ஆள் வருவார். வருசாவருசம் அவரையே காருக்குக் கீழும் படுக்கவைத்துப் பூச வைத்திருக்கிறார். நான் பொத்துவிலில் இருக்கிற நாட்களில்.

"ஏன் மாமி?"

"நம்மட ஊட்டுக்கு வந்த மாப்புள்ளட சாமான் துருப்புடிச்சுக் கெடந்தா ஊரு என்ன கதைக்கும்?"

"அப்ப இரும்புக்காரனுக்குக் குடுக்கச் சொன்னீங்களே?"

"ஓடாட்டி எண்டுதானே சொன்னன்!"

பாஸ் குப்புறத் திரும்பிச் சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. சந்தோசம்தான் கூட.

இரும்பை வெளுக்கத் துடைத்து, வெடிப்பை அடைத்து, மேலே தடித்த தகடொன்றையும் வைத்து ஒட்டினார். பின்னேரம் அசர் தொழுகைக்கு முன் எல்லாவற்றையும் பூட்டி ஜக்கை இறக்கினோம். கார் நேராக நின்றது. ஏறி அமுக்கிப் பார்த்தோம். முனகல் கூட இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று பாஸ் கையைத் துடைத்தார்.

அடுத்த நாள் பந்தல்காரர் வரமுன் காரை வெளியே எடுத்தேன். நற்பிட்டிமுனையில் ஒரு கூட்டாளியின் வளவில் கலியாணம் முடியும்வரை விடுவதாக ஏற்பாடு. வேலிப் படலையைத் தாண்டும்போது பின்னால் மாமியின் குரல் கேட்டது.

"மகன், பந்தல் கழட்டினவுடனே அதக் கொண்டு வந்து அதுட எடத்துலயே விடுங்க. அதில்லாட்டி வளவு வெறிச்செண்டு கெடக்கும்."

'சரி மாமி' என்பதற்கு ஹோனை ரெண்டு தரம் அடித்துக் காட்டினேன்.