மூலை கறுத்த கடிதம்

இந்த ஊரில் கடிதத்தைத் தின்றுகொண்டே பிரிக்கிறார்கள். ஒரு கையில் ரொட்டி, மறு கையில் உறை. பல்லால் ஓரத்தைக் கிழித்துத் துப்பிவிட்டு, வெண்ணெய் விரலோடு படித்துக்கொண்டே மாடிப்படி ஏறுகிறார்கள். அமெரிக்கா வந்து ஒன்றரை வருடமாகியும் அதைப் பார்க்கிறபோதெல்லாம் என் கண் உறையின் மூலைக்குத்தான் போகிறது. ராயபுரத்தில் நாம் முதலில் மூலையைத்தானே பார்ப்போம்? மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி, தாராளமாக உள்ளே கொண்டுபோகலாம். கறுப்பு தடவியிருந்தால் சாவு. வாசலிலேயே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் படியேற வேண்டும்.

அங்கே போய் என்னதான் படிக்கிறாய் என்று பலர் எழுதிக் கேட்டுவிட்டீர்கள். கம்யூனிகேஷன். ஒருவன் மனதில் இருப்பது இன்னொருவனிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதற்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு. துறைமுகத் தொழிலாளர் நலப் பிரிவில் ஒலிபெருக்கி பிடித்துக் கத்திக்கொண்டிருந்தவனை, நன்றாகப் பேசுகிறாய் என்று சொல்லி உதவித்தொகை கொடுத்துக் கப்பலேற்றிவிட்டார்கள் மிஷன்காரர்கள். நாற்பத்து மூன்று வயதில், நரைத்த மீசையோடு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நடுவே நான். முதல்நாள் நான் உள்ளே நுழைந்ததும் வாத்தியார் வந்துவிட்டார் என்று வகுப்பு முழுவதும் பேச்சை நிறுத்தியது. நானும் பயந்துபோய்த் திரும்பி வாத்தியாரைத் தேடினேன். அவர் கரும்பலகையில் இரண்டு பெட்டி வரைவார். ஒன்று சொல்பவர், மற்றது கேட்பவர், நடுவே ஓர் அம்பு. அந்த அம்பு வழிதவறக் காரணங்கள் என்னென்ன என்ற பரீட்சையில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன். வெட்கப்பட வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

போன தை மாதம், கல்லூரித் தபால் அலுவலகத்தில் என் பெட்டிக்குள் ஒரு நீல ஏர் லெட்டர் கிடந்தது. அக்கா மகன் ஏழுமலையின் கையெழுத்து. இரண்டு மூலையும் கறுப்பு. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்: ஏழுமலை, என் அக்கா கன்னியம்மா. எழுதியவன் ஏழுமலை என்றால் போனது யார் என்று சொல்ல எந்தப் பட்டப்படிப்பும் வேண்டாம். அம்மா முகம் எனக்குத் தெரியாது. ரயிலடிக்குப் பின்னால் இட்லி சுட்டு விற்று என்னை வளர்த்தவள் அக்காதான். கடிதத்தை வெளியே கொண்டுவந்து பனியில் நின்றேன். பிரிக்கக் கை வரவில்லை. விடுதிக்குள் கொண்டுபோகவும் கூடாது. பிரிக்காதவரை அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று எனக்கு நானே ஒரு பித்தலாட்டம் செய்துகொண்டு, பிஸ்கட் டப்பா ஒன்றில் அதைப் போட்டு மூடி, விடுதியின் வெளிப்படிக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். காலையும் மாலையும் கம்யூனிகேஷன் புத்தகங்களைச் சுமந்துகொண்டு அந்த டப்பாவைக் கடந்து போனேன். அதற்கு வணக்கம்கூட வைத்தேன்.

இந்த மூலையோடு எனக்குப் பழைய விரோதம் ஒன்று உண்டு. பதினைந்து வயதில், பக்கத்து வீட்டு நடேசனுக்கு வந்த கடிதத்தின் மூலையில் விளக்குக் கரியைத் தடவி வைத்தேன், வேடிக்கை பார்க்க. அந்த மனிதர் படிக்கவேயில்லை. “ஐயோ”வென்று கிழித்தெறிந்துவிட்டு மண்ணில் புரண்டார். தெருவே கூடிவிட்டது. அதில் இருந்தது மகளுக்கு ஆண் குழந்தை பிறந்த சேதி. அக்கா துடைப்பத்தோடு வந்தாள்.

“இன்னாடா இது கலீஜ் வேலை? சாவ வெச்சா வெளாடுவே, பேமானி? ஒனக்கு ஒருத்தன் இப்டி செஞ்சா தாங்குவியா?”

“சும்மா டமாசுக்குக்கா...”

“டமாசா? ஒக்காரு. அல்லா துண்டையும் பொறுக்கி ஒட்டு. ஒட்டினப்பறம்தான் ஒனக்கு சோறு.”

பழைய சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். இருட்டும்வரை எனக்காக அவளும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பதினோராவது நாள், என் அறைத்தோழன் டான் என்னைப் படிக்கட்டடியில் பிடித்துவிட்டான். சோள விவசாயி மகன், பத்தொன்பது வயது.

“அங்கே என்ன, பூனை வளர்க்கிறாயா?”

“இல்லை. என் அக்கா இறந்துவிட்ட கடிதம்.”

“அடடா, மன்னித்துக்கொள். எப்போது இறந்தார்?”

“தெரியாது. இன்னும் படிக்கவில்லை.”

டான் குனிந்து டப்பாவை எடுத்துத் திறந்தான். மூலையைக் காட்டி விளக்கினேன். அவன் அதைக் கட்டைவிரலால் தேய்த்து மோந்தான்.

“இது கிரீஸ். எங்கள் அப்பா டிராக்டர் கொட்டகையிலிருந்து எழுதினால் இப்படித்தான் வரும்.”

துறைமுகத்தில் கிரேனுக்குக் கிரீஸ் அடிப்பதுதான் ஏழுமலையின் வேலை. சொல்லிச் சேர்த்துவிட்டவனே நான்தான். டானைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். சிரித்துக்கொண்டே கடிதத்தைப் பிரித்தேன்.

‘மாமா, அம்மாவுக்கு வயித்துல கட்டி. ஒடனே ஆபரேசன் பண்ணணும்னு பெரியாஸ்பத்திரில சொல்லிட்டாங்க. தம்பி சொன்னா பண்ணிக்கிறேன், இல்லாங்காட்டி வேணாம்னு அடம் பிடிச்சிகினு கீது. தந்தி குடுக்கலாம்னா, தந்தின்னா அவன் பயந்துடுவான், வேணான்னுது. ஒடனே பதில் போடு.’

கோட்டுகூட மாட்டாமல் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். ‘அக்கா உடனே ஆபரேஷன் செய்துகொள்’ என்பதை இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். அங்கிருந்த பெண்மணி என் நனைந்த சட்டையைப் பார்த்து, “நாளைக் காலை அனுப்பினால் கட்டணம் குறைவு, கண்ணே” என்று அன்பாகச் சொன்னாள். அவள்மேல் தப்பில்லை. பதினொரு நாளைச் சும்மா தொலைத்தவனிடம் இனி ஒரு ராத்திரிகூட மிச்சமில்லை என்று அவளுக்கு யார் சொல்வது? அப்போதே அனுப்பச் சொன்னேன்.

அடுத்த கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. மூலைகள் பளிச்சென்று இருந்தன. எனவே நானும் இந்த ஊர்க்காரனைப்போல, சாப்பாட்டு மேசையில், கையில் ஸ்பூனோடு பிரித்தேன். மாமா பயப்படக் கூடாது என்று ஏழுமலை கறுப்புத் தடவவில்லை. கையை நன்றாகக் கழுவிவிட்டு எழுதியிருந்தான். தந்தி கிடைத்த அன்றைக்கே அக்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாளாம். “எந்தம்பி அமெரிக்காலேர்ந்து சொல்ட்டான், இனி இன்னா பயம்?” என்று வார்டு முழுக்கத் தந்தியைக் காட்டினாளாம். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டாராம். ஏழுமலை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தபால் அங்கே தாமதமாக வந்ததா மாமா என்று மட்டும் கேட்டிருந்தான். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் பதில் எழுதவில்லை.

அக்கா போனது செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்போது இங்கே திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரை. பேச்சு வகுப்பில் மேடையேறி முப்பது பேரை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களில் என்னைப்போலக் கடல் கடந்து கிடக்கிற நண்பர்களே, ஊரில் ஒரு சாவு நடந்தால் நீங்கள் எந்த நாளை அனுசரிக்கிறீர்கள்? எனக்குப் பிடிபடவில்லை. வாராவாரம் இரண்டு நாளும் பட்டினி கிடக்கிறேன். திங்கள் சாயங்காலம் ஐந்தரை அடித்தால் ராயபுரத்தில் அக்கா போய்விடுகிறாள். இந்த ஊர்க் கடிகாரத்தில் செவ்வாய் விடிய இன்னும் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. அதுவரை இங்கே அவள் உயிரோடு இருக்கிறாள். எதையாவது கேட்டு அனுப்பினால் உடனே பதில் சொல்ல, நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கிறேன்.